போட்டித் தளத்தில் அமெச்சூர் இணை

பால்ரூம் போட்டியில் மதிப்பெண் பெறுவது இணை. ஆணின் முதுகில் ஊசிகளால் குத்தியிருக்கும் ஒரே எண்ணின் கீழ் இருவர் ஆடுகிறார்கள். நடுவரின் தாளில் அந்த எண் மட்டும்தான் இருக்கும். ஒருவர் அருமையாக ஆடி மற்றவர் தடுமாறினால், நன்றாக ஆடியவருக்கென்று தனியே எதுவும் கிடைப்பதில்லை. அமெச்சூர் இணையின் அன்றாட ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்தே தொடங்குகின்றன: எந்த நாள் பயிற்சி, யார் பணம் கட்டுவது, யார் யாரைத் திருத்துவது, ஒருவருக்கு முழங்கால் வலித்தால் மற்றவர் அந்த வாரம் என்ன செய்வது.

நடனத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவரைப் பொதுவாக அமெச்சூர் என்பார்கள். பகலில் மருத்துவமனையிலோ கிடங்கிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் நடனக் காலணியை மாட்டுபவர். வட அமெரிக்காவில் மாணவர் தம் ஆசிரியருடனேயே போட்டியில் இறங்கும் ‘ப்ரோ-ஆம்’ முறையும் பரவலாக இருக்கிறது. அதில் இணை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் களத்தில் ஆடும் ஒவ்வொரு நடனத்துக்கும் கட்டணம் உண்டு என்பதால் செலவு பல மடங்காகிவிடும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஏற்றது இருவருமே அமெச்சூராக ஆடும் வழி. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மொன்ட்ரியால்-நோரிலிருந்து தொடங்குவது

மொன்ட்ரியால் தீவின் வடகிழக்கில், பிரேரி ஆற்றின் கரையில் இருக்கும் மொன்ட்ரியால்-நோர் 2002 சனவரி 1 வரை தனி நகரமாக இருந்தது. அன்று மொன்ட்ரியாலோடு சேர்க்கப்பட்டு ஒரு வட்டாரம் ஆனது. 2016 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 84,000 பேர் இங்கே வாழ்ந்தார்கள். ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. தமிழ்க் குடும்பங்கள் பார்க்-எக்ஸ்டென்ஷன், கோட்-தே-நேஜ், டோலார்-தே-ஓர்மோ பக்கம்தான் அதிகம் என்றாலும், வாடகையும் வேலையும் பார்த்து இந்தப் பக்கம் குடியேறியவர்களும் இருக்கிறார்கள்.

நடனம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1955-ல் நெமூர் ஜான்-பாட்டிஸ்ட் உருவாக்கிய கொம்பா இசைக்கு ஹெய்ட்டிக் குடும்பங்கள் திருமணத்திலும் ஞானஸ்நான விருந்திலும் இணை இணையாக ஆடுவார்கள். கொம்பாவில் வளர்ந்தவருக்கு ஒரு பெரிய சொத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. எதிரில் இருப்பவரின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அவர் உடம்பாலேயே அறிவார். அவர் புதிதாகக் கற்க வேண்டியது இடம்பெயர்வது. கொம்பா கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே ஆடப்படுவது. வால்ஸோ கூடத்தையே சுற்றிவருவது.

பழைய கியூபெக் குடும்பங்களிடையே இணை நடனத்துக்கு ‘தான்ஸ் சோசியால்’ என்று பெயர். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடங்களிலும் முதியோர் மன்றங்களிலும் வாரம் ஒரு மாலை சா-சா, டாங்கோ, வால்ஸ் ஆடும் வழக்கம் அது. போட்டிக்குப் போகிறவர்கள் இதை மட்டமாக நினைப்பதுண்டு. அது தவறு. நெரிசலான தளத்தில் யார்மீதும் மோதாமல் இரண்டு மணி நேரம் ஆடும் பழக்கம் எந்தத் தனிப்பாடத்திலும் கிடைக்காது. நுழைவுக் கட்டணமும் குறைவு. முதல் 6 மாதம் இப்படிப்பட்ட மாலைகளில் கழித்துவிட்டு, பிறகு போட்டிப் பயிற்சி தரும் பள்ளியைத் தேடிப் போகும் இணைகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன.

போட்டிப் பயிற்சிக்குத் தனித்திறன் உள்ள ஆசிரியர்கள் நகரின் பல பகுதிகளிலும் லாவாலிலும் இருக்கிறார்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்து போக்குவரத்து முன்பைவிட எளிது. பீ-ஒன்பது பெருஞ்சாலையில் தனித்தடத்தில் ஓடும் 439 விரைவுப் பேருந்து 2022 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஆன்ரி-பூராசா பெருஞ்சாலைப் பேருந்து மெட்ரோவின் ஆரஞ்சுத் தடத்தில் கொண்டுபோய் விடுகிறது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரின் பட்டங்களுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இந்தப் பயண நேரம். வேலை முடித்து வந்து ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து போகும் பள்ளிக்கு மார்ச் மாதத்துக்குள் இருவரில் ஒருவர் போவதை நிறுத்திவிடுவார்.

கியூபெக்கில் அமெச்சூர் போட்டி நடனத்தை நடத்துவது ‘தான்ஸ் ஸ்போர் கியூபெக்’. தேசிய அளவில் ‘கனடா டான்ஸ்ஸ்போர்ட்’. உலக அளவில் டபிள்யூ.டி.எஸ்.எஃப். எனப்படும் உலக டான்ஸ்ஸ்போர்ட் சம்மேளனம். 1957-ல் அமெச்சூர்களுக்காகவே தொடங்கப்பட்ட அந்த அமைப்பை 1997-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகரித்தது. பால்ரூம் இன்றுவரை ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே சம்மேளனத்தின் பொறுப்பில் நடந்தது பிரேக்கிங். அதில் ஆண்கள் பிரிவுத் தங்கத்தைக் கனடாவின் ஃபில் விசார்ட் வென்றார். மொன்ட்ரியால் பகுதி இணைகள் பெரும்பாலும் முதலில் குறிவைப்பது உள்ளூர்ப் போட்டிகளையும், பிறகு ‘லா கிளாசிக் து கியூபெக்’ போன்ற பெரிய போட்டியையும்.

இணை சேர்வது

இணை இரண்டு வகையில் அமைகிறது. ஏற்கெனவே கணவன் மனைவியாகவோ காதலர்களாகவோ இருப்பவர்கள் நடனத்துக்கு வருவது ஒன்று. நடனத்துக்காகவே இரு அந்நியர்கள் சேர்வது மற்றொன்று. கியூபெக்கின் புகழ்பெற்ற இணையான ஜான்-மார்க் ஜெனெரே, ஃபிரான்ஸ் மூசோ இருவரும் சிறுவயதிலேயே ஒன்றாக ஆடத் தொடங்கியவர்கள். கனடாவின் லத்தீன் சாம்பியன்களாகி, திருமணம் செய்துகொண்டு, பின்னர் தொலைக்காட்சி நடன அமைப்பாளர்களாக உலகம் அறிய வந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அந்நியர் இருவர் சேரும்போது முதலில் எல்லோரும் பார்ப்பது உயரத்தை. அது முக்கியம்தான். குதிகால் உயர்ந்த காலணி போட்ட பிறகும் பெண்ணின் கண்மட்டம் ஆணின் வாய்க்கும் மோவாய்க்கும் அருகே இருந்தால் வால்ஸ் போன்ற ஸ்டாண்டர்ட் நடனங்களின் பிடி இயல்பாக அமையும். ஆனால் இணைகள் உடைவது பெரும்பாலும் உயரத்தால் அல்ல. ஒருவர் வாரம் 4 நாள் பயிற்சியை மனத்தில் வைத்திருக்க, மற்றவர் 1 நாளை மனத்தில் வைத்திருப்பதால்தான். ஆகவே சோதனை ஆட்டத்துக்குப் பிறகு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு இருவரும் வெளிப்படையாகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? மாதத்துக்கு எவ்வளவு டாலர்? ஆண்டுக்கு எத்தனை போட்டி? மாதத்தில் எந்தெந்த நாள் குடும்பத்துக்கு? வேறொருவரோடு ஆடலாமா? பதில்களைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது அவநம்பிக்கையின் அடையாளம் ஆகாது. மூன்று மாதம் கழித்து நினைவுகள் மாறுபடும்போது அந்தத் தாள் சண்டையைத் தவிர்க்கும்.

தம்பதியர்க்கு வேறு வகைச் சிக்கல். தளத்தில் எழும் மனக்கசப்பு சமையலறை வரை வந்துவிடும். சமையலறையில் எழுந்தது தளத்துக்கும் போகும். நடனத் தவறைப் பற்றிய பேச்சைப் பயிற்சிக் கூடத்தின் வாசலிலேயே முடித்துக்கொள்வது, பேருந்தில் அதை எடுக்காமலிருப்பது என்ற ஒரு கட்டுப்பாட்டைப் பல ஆசிரியர்கள் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். மாமியார், பிள்ளைகள், வீட்டுக்கடன் ஆகியவையும் அதேபோல் கூடத்துக்குள் நுழையக் கூடாது.

பத்து நடனங்கள்

சர்வதேசப் பாணியில் இரண்டு பிரிவுகள். ஸ்டாண்டர்ட் பிரிவில் வால்ஸ், டாங்கோ, வியன்னா வால்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப். லத்தீன் பிரிவில் சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். பத்தையும் ஒரே ஆண்டில் கற்க முனைவது வீண். ஒரு பிரிவை எடுத்து, அதில் இரண்டு நடனங்களில் காலூன்றிவிட்டு மற்றவற்றுக்குப் போவதே நடைமுறை. ஸ்டாண்டர்டுக்கு வால்ஸும் குவிக்ஸ்டெப்பும், லத்தீனுக்குச் சா-சா-சாவும் ரும்பாவும் நல்ல தொடக்கம்.

தமிழ் இசையும் நாட்டியமும் கேட்டுப் பார்த்து வளர்ந்தவருக்குச் சில இடங்கள் எளிது, சில இடங்கள் கடினம். வால்ஸின் மூன்று எண்ணிக்கை திஸ்ர நடைதான். நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம். வியன்னா வால்ஸிலும் அதே மூன்றுதான். ஆனால் நிமிடத்துக்கு 58 முதல் 60. ரும்பாவில் சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், புதிதாகக் கால் வைப்பதில்லை. 2, 3, 4-ல் அடி வைத்து, 4-ல் வைத்த காலிலேயே இடுப்பு அமர்ந்து 1 கழியும். மேலைநாட்டு மாணவர் பலர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. சமத்திலிருந்து தள்ளி எடுப்பு வரும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவருக்கு ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

கடினமான பக்கம் வேறு. பரதநாட்டியம் பயின்ற பெண்ணின் பாதம் தளத்தைத் தட்டும். முழங்கால் அரைமண்டியில் மடிந்திருக்கும். முகம் சபையை நோக்கும். ஸ்டாண்டர்டில் பாதம் தளத்தை உரசியபடி நகர்கிறது. முன்வைக்கும் அடி பெரும்பாலும் குதிகாலில் இறங்குகிறது. பெண் நிறைய நேரம் பின்னோக்கி நடக்கிறாள், கண்ணுக்குத் தெரியாத திசையை நோக்கி. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், அடுத்த அடவு தெரிந்திருந்தும் அதைத் தானாக எடுக்காமல் காத்திருப்பது. தனியாக அரங்கேற்றம் செய்தவருக்கு இந்தக் காத்திருப்பு வர ஓராண்டுகூட ஆகலாம். ஆணுக்கு இதன் மறுபக்கம் கடினம். அவன் கையால் தள்ளி வழிநடத்த முயல்வான். வழிநடத்துவது கையில் இல்லை. தன் உடலின் நடுப்பகுதியை எங்கே கொண்டுபோகிறான் என்பதில்தான் இருக்கிறது.

வால்ஸின் ஒரே ஒரு திருப்பத்தை நெருங்கிப் பார்த்தால் இது புரியும். வலப்பக்கத் திருப்பத்தில் ஆண் வலது காலை முன்வைக்கிறான், குதிகால் முதலில். அந்த முதல் எண்ணிக்கையின் கடைசியில்தான் உடல் உயரத் தொடங்குகிறது. இரண்டாவதில் இடது கால் பக்கவாட்டில் விரலில் இறங்க, உயர்வு தொடர்கிறது. மூன்றாவதில் வலது கால் இடதுகாலோடு சேர, இருவரும் உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றி, அதே எண்ணிக்கையின் முடிவில் இறங்குகிறார்கள். புதியவர்கள் முதல் எண்ணிக்கையிலேயே எழுந்துவிடுவார்கள். எழுந்த ஆணின் அடி குட்டையாகிறது. பெண்ணுக்குப் பின்னால் போக உந்துதல் கிடைக்காமல் அவள் மேல்முதுகைச் சாய்க்கிறாள். உடனே இருவரும் மற்றவர்தான் இழுக்கிறார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நடந்தது அரை எண்ணிக்கை முன்னதாக எழுந்தது மட்டுமே. பயிற்சிக் கூடங்களில் நடக்கும் சச்சரவுகளில் நிறைய இப்படி ஒரு கால எண்ணிக்கைக்குள் ஒளிந்திருப்பவை.

தளத்தில் எல்லோரும் ஒரே திசையில், கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். கோயிலில் வலம் வந்து பழகிய கால்களுக்கு இது அப்பிரதட்சணம். முதல் சில வாரம் மூலை திரும்பும்போது குழப்பம் வரும். வீட்டு வரவேற்பறையில் நாற்காலிகளை நடுவில் குவித்துவைத்து, அவை நமக்கு இடப்பக்கம் இருக்கும்படி சுற்றி நடந்து பழகினால் திசை உடம்பில் ஏறிவிடும்.

பயிற்சி

வாரத்துக்கு ஒரு தனிப்பாடம், ஒரு குழுப்பாடம், இரண்டு தடவை தாங்களாகச் செய்யும் பயிற்சி. வேலை செய்யும் இணையால் ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு இதுதான். பாடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு இடையில் பயிற்சி செய்யாமல் போனால், ஆசிரியர் அடுத்த வாரம் அதையே மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கும்.

பயிற்சியில் பேச்சு குறைய வேண்டும். ஒரு பாட்டு முழுக்க நிறுத்தாமல் ஆடுவது, பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பேசுவது, மறுபடி ஆடுவது என்பது நல்ல ஒழுங்கு. பேசும் விதமும் முக்கியம். “நீங்க என்னைத் தள்ளுறீங்க” என்று மனைவி சொன்னால் கணவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “மூணாவது எண்ணிக்கையில என் இடது கால்ல எடை வரலை, விழுற மாதிரி இருக்கு” என்று தன் உடலில் உணர்ந்ததைச் சொன்னால், இருவரும் சேர்ந்து தேட ஒரு புதிர் கிடைக்கிறது. கணவருக்கும் இதே விதி. “நீ லேட்டு” என்பதற்குப் பதில் “இந்த இடத்துல என் வலது கை வெறுமையா இருக்கு” என்றால் போதும். பதிலே கிடைக்காவிட்டால் கைபேசியில் படம் பிடித்து, அடுத்த பாடத்தில் ஆசிரியரிடம் காட்டிவிட்டு, அன்று வேறு நடனத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு திருப்பத்தைப் பற்றி 20 நிமிடம் வாதாடிய பின் யாராலும் நன்றாக ஆட முடிவதில்லை.

தனியாகச் செய்யும் பயிற்சிக்குப் பலர் உரிய மதிப்பு கொடுப்பதில்லை. மற்றவரைப் பிடித்துக்கொள்ளாமல் தன் பங்கை முழுதாக ஆட முடியாதவர், பிடித்து ஆடும்போது மற்றவர்மேல் சாய்ந்துதான் ஆடுகிறார். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் 15 நிமிடம் தனித்தனியே ஆடுவது நல்ல அளவு.

இடம் தேடுவது மொன்ட்ரியாலில் ஒரு வேலை. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று அடுக்கு கொண்ட டூப்ளெக்ஸ், ட்ரிப்ளெக்ஸ் வகை. மரத்தளத்தின் வழியே ஒலி கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கும். மேல்வீட்டில் இரவு 9 மணிக்கு ஜைவ் துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வீட்டில் காலுறையோடு ரும்பா நடையும், கண்ணாடி முன் பிடியும், எண்ணிக்கைப் பயிற்சியும் செய்துகொண்டு, பெரிய அசைவுகளைக் கூடத்துக்கு வைத்துக்கொள்வது அக்கம்பக்கத்தோடு உறவைக் காக்கும். பள்ளிகள் பல, பாடமில்லாத நேரத்தில் தளத்தைக் குறைந்த கட்டணத்துக்குப் பயிற்சிக்கு விடுகின்றன. சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுக்கும்போது தளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின்மேல் நேரடியாக ஒட்டிய வினைல் தளம் முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் எதிரி. குதித்தால் சற்றே கொடுக்கும் மரத்தளம் வேண்டும்.

உடல் உழைப்பு எவ்வளவு என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. போட்டி இணைகளை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆடும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 170-ஐ ஒட்டி இருந்தது. ஒவ்வொரு நடனமும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம்தான். ஆனால் இறுதிச் சுற்றில் ஐந்தும் அடுத்தடுத்து வரும். ஆகவே போட்டிக்கு ஆறு வாரம் முன்னிருந்தே, வாரத்தில் ஒரு நாளாவது ஐந்து நடனங்களையும் இடைவெளியின்றி ஆடிப் பார்க்க வேண்டும். கியூபெக் குளிரில் கழித்தல் 20 பாகையிலிருந்து உள்ளே வந்த தசைகள் இளகக் கோடையைவிட நேரம் எடுக்கும். சனவரியில் 20 நிமிடம் உடலைச் சூடாக்காமல் குதித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பெண்களுக்கு ஸ்டாண்டர்டில் கழுத்து, ஆண்களுக்குத் தோள்பட்டை, இருவருக்கும் கணுக்கால் ஆகியவை வலி வரும் இடங்கள். ஒருவர் காயப்பட்ட வாரங்களில் மற்றவர் தனிப்பயிற்சியைத் தொடர்வதும், காயப்பட்டவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பதும் இணையைப் பிரியாமல் வைத்திருக்கும்.

காலணி, உடை, பணம்

முதல் செலவு காலணியாக இருக்கட்டும். நடனக் காலணியின் அடிப்பகுதி மென்மயிர் கொண்ட சூயட் தோல். அது ஈரம் பட்டால் வழுக்கும். அழுக்குப் படிந்தாலும் வழுக்கும். கம்பித்தூரிகையால் அவ்வப்போது மயிரை நிமிர்த்திவிட வேண்டும். தளம் மிகவும் வழுக்கினால் அடிப்பகுதியில் ஓரிரு சொட்டு விளக்கெண்ணெய் தடவுவது போட்டியாளர்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் வழி. மளிகைக் கடையில் கிடைக்கும் அதே விளக்கெண்ணெய்தான்.

மொன்ட்ரியால் குளிர்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. தெருவில் கொட்டும் உப்பும், உள்ளூர்க்காரர்கள் ‘ஸ்லோஷ்’ என்று சொல்லும் பனிச்சேறும் பூட்ஸில் ஒட்டி வரும். வாசலில் பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு இரண்டடி நடந்தாலே காலுறை நனைந்துவிடும். நனைந்த காலுறையை அப்படியே நடனக் காலணிக்குள் நுழைத்தால் அன்றைய பயிற்சி வழுக்கலிலேயே போகும். பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையும், கழற்றிய பூட்ஸை வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டும், காலணிக்குத் தனித் துணிப்பையும் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

தொடக்க நிலைப் போட்டிகளுக்கு விலையுயர்ந்த உடை தேவைப்படுவதில்லை. ஆணுக்குக் கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. பெண்ணுக்குச் சுழலும்போது விரியும் எளிய பாவாடை. விதிகள் போட்டிக்குப் போட்டி மாறுவதால் பதிவு செய்யுமுன் விதித்தாளைப் படிப்பது அவசியம். மேல்நிலைக்குப் போனபின் ஆணுக்கு வால்கோட்டு, பெண்ணுக்குக் கல் பதித்த நீளுடை. புதிய நீளுடை ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். ஆனால் போட்டி உடைகளுக்கு நல்ல கைமாற்றுச் சந்தை உண்டு. போட்டி நடக்கும் கூடத்திலேயே பழைய உடைகளைத் தொங்கவிட்டு விற்பார்கள், வாடகைக்கும் விடுவார்கள். வால்கோட்டு மட்டும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தியபடி நிற்கவைத்து அளவெடுக்காத கோட்டு, தளத்தில் பிடிபோட்டவுடன் தோளில் ஒரு கூம்பாக எழும்பி நிற்கும். நடுவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பணத்தில் பெரும்பங்கு தனிப்பாடத்துக்குப் போகிறது. அனுபவமுள்ள ஆசிரியரின் ஒரு மணி நேரம் நூறு டாலரைத் தொடுவது சாதாரணம். அதன்மேல் சங்க உறுப்பினர் கட்டணம், போட்டி நுழைவு, டொராண்டோவுக்குப் போனால் விடுதி, பேருந்து. இருவரும் மாதாமாதம் சமமாகப் போடும் ஒரு பொதுக்கணக்கு வைத்து, பாடம், தளவாடகை, போட்டி ஆகியவற்றை அதிலிருந்தும், உடையையும் காலணியையும் அவரவர் கையிலிருந்தும் செலவிடுவது நியாயமாக இருக்கும். பிரிந்தால் உடை யாருடையது என்ற கேள்வியே எழாது.

போட்டி நாள்

பதிவு மேசையில் எண்ணை வாங்கியதும் ஆண் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை நாலு மூலையிலும் ஊசி குத்தித் தட்டையாகப் பொருத்துவது. சுருண்ட எண்ணை நடுவர் படிக்க முடியாமல் போனால் அந்தச் சுற்று வீணாகும். அடுத்தது தளத்தைப் பார்ப்பது. எந்தப் பக்கம் நீளம், எந்த மூலையில் வழுக்கல், நடுவர்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒரு சுற்று நடந்தே பார்த்துவிட வேண்டும்.

உணவு எளிது. மூன்று மணி நேரம் முன்னால் வயிறு நிறைய ஒரு வேளை, பிறகு சுற்றுகளுக்கு நடுவே வாழைப்பழமும் தண்ணீரும். காலையில் எடுத்துவந்த தயிர்சோறும் இதற்கு ஏற்றதே. காரமும் பொரித்ததும் அன்று வேண்டாம்.

அறிவிப்பாளர் எண்களைப் படிக்கும்போது வரிசையில் நிற்காத இணைக்காக இசை காத்திருக்காது. போட்டி அட்டவணை சில நேரம் முன்னதாகவே ஓடும். ஆகவே தங்கள் பிரிவுக்கு அரைமணி முன்னதாகவே தளத்தின் அருகில் இருப்பது நல்லது. தளத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது முன்னால் இணை ஒன்று வழியை அடைத்தால், அமைத்து வைத்த ஆட்டத்தை விட்டுவிட்டு, ஓர் அடிப்படைத் திருப்பத்தால் விலகிக்கொள்ள வேண்டும். மோதிவிட்டு மன்னிப்புக் கேட்க நிற்பதைவிட இது நடுவர் கண்ணில் பெரிது. பிறகு பிடியைத் தளர்த்தாமல் அடுத்த நீளப்பக்கத்தில் ஆட்டத்தைத் தொடரலாம்.

நடுவர்கள் முதலில் பார்ப்பது தாளம். தாளம் தவறிய இணைக்கு அழகான நீட்டல்களும் உயர்ந்த உடையும் உதவுவதில்லை. அதற்கடுத்து நிற்கும் விதம், பிடி, பாதத்தின் வேலை, இருவரும் ஒருவராக நகர்கிறார்களா என்பது. வெண்கலத்திலிருந்து தங்கம் வரை ஏறும் தொடக்க நிலைகளில், அந்தந்த நிலைக்கு அனுமதிக்கப்பட்ட அசைவுகளை மட்டுமே ஆட வேண்டும். வெண்கல நிலையில் தங்க நிலை அசைவை நுழைத்தால் எச்சரிக்கையும், சில இடங்களில் நீக்கமும் கிடைக்கும்.

மதிப்பெண் தாளைப் படிப்பது

முதல் சுற்றுகளில் நடுவர் ஒவ்வொருவரும் அடுத்த சுற்றுக்குத் தகுதியான எண்களுக்கு ஒரு குறி மட்டும் இடுவார். 24 இணைகளிலிருந்து 12, பன்னிரண்டிலிருந்து 6 என்று சுருங்கி, இறுதியில் ஆறு இணைகளை ஒவ்வொரு நடுவரும் 1 முதல் 6 வரை வரிசைப்படுத்துவார். அந்த வரிசைகளைச் சேர்க்க 1937 முதல் பிரிட்டனில் வழங்கிவரும் ‘ஸ்கேட்டிங் முறை’யே இன்றும் பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் இருக்கிறது. உலகச் சம்மேளனத்தின் பெரிய போட்டிகளில் தொழில்நுட்பம், இசைவு, இணைத்திறன், நடன அமைப்பு என்று தனித்தனியே புள்ளியிடும் புதிய முறையும் உண்டு.

ஸ்கேட்டிங் முறையில் கூட்டல் கணக்குக்கு முன் பெரும்பான்மை வருகிறது. 5 நடுவர்கள் இருக்கும் ஒரு வால்ஸில் ஓர் இணைக்கு 1, 1, 1, 5, 5 என்றும், மற்றோர் இணைக்கு 2, 2, 2, 1, 1 என்றும் இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் முதல் இணைக்கு 13, இரண்டாவதற்கு 8. கூட்டல் குறைந்த இரண்டாவது இணைதான் வெல்லும் என்று தோன்றும். ஆனால் 5 பேரில் 3 பேர் முதல் இடம் கொடுத்துவிட்டதால் முதல் இணையே அந்த நடனத்தை வெல்கிறது. ஐந்து நடனங்களின் இடங்களைக் கூட்டும் வேலை அதன் பிறகுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் இரவு முழுக்க நடுவரைக் குறைசொல்லும் இணைகள் உண்டு.

தாளிலிருந்து எடுக்க வேண்டியது இடம் மட்டுமல்ல. எல்லா நடுவர்களும் டாங்கோவில் தாழ்த்தி, வால்ஸில் உயர்த்தியிருந்தால் அடுத்த மாதப் பாடத்தின் பொருள் அங்கேயே எழுதியிருக்கிறது. ஒரே ஒரு நடுவர் மட்டும் எல்லாவற்றிலும் தாழ்த்தியிருந்தால், அவர் நின்ற மூலையில் என்ன ஆடினோம் என்று காணொளியில் பார்க்கலாம். இந்த ஆராய்ச்சியைப் போட்டி முடிந்த இரவில் செய்யாமல், இரண்டு நாள் தள்ளி ஆசிரியரோடு செய்வது இருவர் மனத்துக்கும் நல்லது. தாள்களை ஒரே கோப்பில் தேதி வாரியாகச் சேர்த்துவைத்தால், ஓராண்டில் எங்கே ஏறினார்கள் என்பது கண்முன் தெரியும்.

வயதும் பிரிவும்

பால்ரூமில் வயது ஏறுவது வெளியேறும் காரணமாக இருப்பதில்லை. உலகச் சம்மேளனத்தின் பிரிவுகளில் ஒருவருக்கு 35, மற்றவருக்குக் குறைந்தது 30 வயதானால் முதல் முதுநிலைப் பிரிவு திறக்கிறது. அடுத்தது 45-40, பிறகு 55-50, அதன்பின் 65-60. பிள்ளைகள் வளர்ந்தபின் 48 வயதில் தொடங்கும் தம்பதி தங்கள் வயதினரோடுதான் போட்டியிடுவார்கள். வயது குறைந்த பிரிவிலும் சேர்ந்து ஆடி அனுபவம் பெறலாம்.

எல்லா இணையும் நீடிப்பதில்லை. ஒருவர் வேலை மாறி வான்கூவருக்குப் போகலாம், குழந்தை பிறக்கலாம், ஆர்வம் தணியலாம். பிரிவதாக முடிவெடுத்தால் முதலில் ஒருவருக்கொருவர், அடுத்து ஆசிரியர், அதன்பிறகே மற்றவர்கள் என்ற வரிசையில் சொல்வது கண்ணியம். ஏற்கெனவே பணம் கட்டிய போட்டி ஒன்று இருந்தால் அதை ஆடி முடித்துவிட்டுப் பிரிவது சிறந்தது. சங்கத்தில் இணையாகப் பதிந்திருப்பதை எழுத்தில் முடித்தபிறகே புதியவரோடு பதிய வேண்டும். புதிய இணையின் போட்டி நிலை பொதுவாக இருவரில் மேல்நிலையில் ஆடியவரை வைத்தே தீர்மானமாகும். ஆகவே வெண்கல நிலையில் ஆடும் ஒருவர் தங்க நிலையில் ஆடியவரோடு சேரும்போது, முதல் போட்டிக்கு முன் ஓராண்டேனும் பயிற்சிக்கு ஒதுக்க இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.